மஞ்சள் பூசிய பாறை

மலை முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், ஆற்றோரம் ஒரு பாறை நின்றது. பெருவெள்ளத்தை மறித்து ஊரைக் காத்த சாமி என்று அதற்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள்.

"மலையிலிருந்து உன்னை உருட்டி வந்ததே நான்தானே," என்றது ஆறு.

"மெதுவாகப் பேசு," என்றது பாறை. "நீ வடிந்ததும் இங்கே நின்றுவிட்டேன், அவ்வளவுதான்."

"மறுபடி நான் பெருகி வந்தால்?"

"உருளுவேன்."

மறுநாள் பொன்னாத்தாள் பாறைக்குக் கீழ்ப்பக்கம் நான்கு மூங்கில் நட்டாள். "சாமி, நீ இருக்கற தைரியத்துலதான் புள்ளைகளோட இங்க குடிசை போடறேன்," என்று கற்பூரம் ஏற்றினாள்.

மஞ்சளுக்குள் பாறைக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் போனதும், "இந்த ஆடிக்குக் கொஞ்சம் அடங்கி வா தாயே," என்று சாமி ஆற்றைக் கும்பிட்டது.