பை காவல்

“இந்த லிஸ்ட்ல எல்லாருக்கும் பை காவல் இருக்கு. அண்ணிக்கு மட்டும் ஏன் இல்ல?”

தம்பி கேட்டதும் கூடத்தில் சளசளப்பு நின்றது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த மெஷினிலும் கோளாறு எங்கே என்றுதான் முதலில் தேடுவான்.

சனிக்கிழமை கேளிக்கைப் பூங்காவுக்குப் போகப் போகிறவர்கள் மொத்தம் இருபத்திரண்டு பேர். திட்டம் போட்டவள் அக்கா. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், வார்டுக்கு டியூட்டி லிஸ்ட் போட்டே பழகிய கை. வேன் எத்தனை மணிக்கு, யார் எந்த ஸீட்டில், எந்த ராட்டினம் எப்போது என்று கட்டம் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

பெரியவர்கள் ஒவ்வொருவரும் ரோலர் கோஸ்டர் எதிரே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய அண்ணிக்கு மட்டும் அந்த வேலை இல்லை. அவளுக்கு வரிசையாக ஏழு ராட்டினங்கள்.

“குழந்தைகளோட பெரியவங்க ஒருத்தர் ஏறணும். அண்ணி ஏறட்டும்” என்றாள் அக்கா.

“ஏன், நான் ஏற மாட்டேனா?”

“நீ ஏறினா உன்னைப் பார்த்துக்க இன்னொரு ஆள் போடணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். தம்பிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“இது பச்சை ஓரவஞ்சனை. அண்ணனை வேற அவ்வளவு கூட்டத்துல எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்? எங்கயாவது போயிட்டா யார் தேடறது?”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெரியண்ணனுக்கு நாலு வருஷமாக ஞாபகம் நழுவிக்கொண்டே வருகிறது. தெருமுனைக்குப் போனால் வீடு திரும்பத் தெரியாது. பெற்ற மகளையே, “நீங்க யாரு?” என்று மரியாதையாகக் கேட்கிறார். அன்றைக்குத் திட்டம் பேசக் கூடியபோதும் அவரும் அண்ணியும் வரவில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, அண்ணி போனில் சொல்லும் பதில் ஒன்றுதான். “நாங்க வரல, நீங்க போயிட்டு வாங்க.”

“ரெண்டு பேரும் வேன்ல ஏறலன்னா யாருமே போக வேண்டாம்” என்றாள் அக்கா.

டாக்டர்களே எதிர்த்துப் பேசாத குரல் அது. தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

சனிக்கிழமை காலை, பூங்காவுக்குள் நுழைந்ததுமே தம்பிக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. எதிரே ரோலர் கோஸ்டர் நின்றது. பன்னிரண்டு மாடிக்கு லிஃப்ட் மாட்டியவன், வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து நின்றான். இத்தனை இரும்பையும் இப்படி வளைக்க ஒருத்தனுக்குத் தைரியம் வந்ததே என்று மலைப்பாக இருந்தது.

ஒன்றுதான் அவனுக்குப் புரியவில்லை. பை காவல் முடிந்து வந்தவர்கள் யாரும் சரியாகப் பேசவில்லை. அவன் மனைவி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. உங்க நேரம் வரும்போது நீங்களே போய்ப் பாருங்க.”

வெயிலில் உட்கார வைத்து இவளை அழவே வைத்துவிட்டாள் அக்கா என்று பல்லைக் கடித்தான். அக்காவிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தான்.

பதினொன்றரைக்குப் பெஞ்சுக்குப் போனான். அங்கே ஒரு பைகூட இல்லை. அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியண்ணன்.

“பையெல்லாம் எங்க மாமா?”

“காலையிலயே லாக்கர்ல வச்சுப் பூட்டியாச்சு மாப்ள. உட்காரு.”

தம்பி நின்றுகொண்டே இருந்தான். மாமா குரலைத் தணித்து, வார்டில் ஷிஃப்ட் மாறுகிறவர் மாதிரி சொல்ல ஆரம்பித்தார்.

“பதினொன்னே காலுக்குத் தண்ணி குடிச்சார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ‘அவ எங்க?’ன்னு கேப்பார். ‘இதோ வராங்க’ன்னு சொல்லு. ‘இப்பதானே சொன்னேன்’னு மட்டும் சொல்லிடாதே. அப்புறம், கையை விடாதே. நாலு வருஷமா உங்க அண்ணி விட்டதில்ல.”

“இதை லிஸ்ட்லயே எழுதியிருக்கலாமே மாமா.”

“எழுதியிருந்தா அவங்க வீட்டு வாசலைத் தாண்டியிருப்பாங்களா? குழந்தைகளுக்குத் துணையா ஏறியே ஆகணும், வேற ஆளில்லன்னு உங்க அக்கா அடிச்சுச் சொன்னதாலதான் ஏறியிருக்காங்க. தனக்காகன்னா ஏறுவாங்களா?”

மாமா அண்ணனின் கையை எடுத்துத் தம்பியின் கையில் வைத்துவிட்டுப் போனார். அது வெதுவெதுப்பாக இருந்தது. இந்த மனுஷனையா வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னோம் என்று தம்பிக்கு வெட்கமாக இருந்தது. அக்காவிடம் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போனதோ தெரியவில்லை. இருபத்திரண்டு பேரை நகர்த்தி, ஒருத்திக்கு ஒரு பகல் பொழுதை எடுத்துக் கொடுத்திருக்கிறாளே என்று பிரமிப்பாக இருந்தது.

“அவ எங்க?” என்றார் அண்ணன்.

“இதோ வராங்கண்ணா.”

மேலே ரயில் உச்சிக்கு ஏறி ஒரு கணம் நின்றது. பிறகு தடதடவென்று சரிந்து, அவர்கள் எதிரே இருந்த வளைவில் தாழ்ந்து வந்தது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து முன்வரிசையைக் காட்டினார்.

“அந்தப் பொண்ணு யாருப்பா, இப்படிச் சிரிக்குது?”

தம்பி பார்த்தான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக, அண்ணியின் இரண்டு கைகளும் காலியாக, தலைக்கு மேலே ஆகாயத்தில் ஆடிக்கொண்டிருந்தன.