ஒரு மணி நேர பர்மிஷன்

கால் தையல் மெஷினில் இருந்தாலும் சாய்லக்ஷ்மியின் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. நாத்தனாரைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து சாயங்காலம் வருகிறார்கள். "அஞ்சரை மணிக்கெல்லாம் வீட்ல இருந்து கேசரி கிண்டணும்" என்று மாமியார் காலையிலேயே கண்டித்துச் சொல்லியிருந்தார்.

பொறுக்க முடியாமல் எழுந்துபோய் சூப்பர்வைசர் காமேஸ்வரியின் முன்னால் நின்றாள்.

"மேடம், ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணுங்க. வீட்ல..."

சுற்றியிருந்த பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. இன்னிக்கு லோடு போகணும், நானே ஆறு மணி வரைக்கும் இங்கதான் கெடக்கணும். வீட்டுக் கதையெல்லாம் கேட்டுக்கு வெளிய வுட்டுட்டு வா. என்னா பாத்துகினு நிக்கிற? போய் தை."

ஆறு மணிக்கு சாய்லக்ஷ்மி பஸ்ஸுக்கு ஓடினாள். காமேஸ்வரியும் அதே பஸ்ஸில் ஏறினார். இருவரும் திருத்தணியில் இறங்கி, ஒரே தெருவில் நடந்து, ஒரே வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.

கூடத்தில் அரக்கோணத்துக்காரர்கள் வெறும் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

காமேஸ்வரி அவர்களைக் கும்பிட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"காலையிலயே சொன்னேன்ல? வாயைத் தொறந்து பர்மிஷன் கேட்டா குடுக்காமயா இருப்பாங்க?"