ஏழாவது மேற்கோள்

மாலை வெயில் ஜன்னல் சட்டங்களின் வழியாக மேசைமேல் கோடு கோடாகக் கிடக்கிறது. தனியாக வளரும் எலிகளின் மூளையைப் பதினோரு வருடமாக ஆராய்கிறவள், தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கணினியையே பார்க்கிறாள். அவளுடைய பெரிய கட்டுரையை நேற்றுவரை ஆறு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. ஆறையும் எழுதிய புண்ணியவதி அவளேதான். இன்று ஏழு என்று காட்டுகிறது. ஏழாவதை எழுதிய முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர் ஒருவர், அவள் முடிவு தவறு என்று இரண்டு பக்கத்துக்கு விளாசியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் போனில் அண்ணன் பதறுகிறான். "என்னடி, மானத்த வாங்கிட்டானே." "இல்லண்ணா. பதினாலாம் பக்கத்து அடிக்குறிப்பு வரைக்கும் படிச்சிருக்காரு. நீ முதல் பக்கமே தாண்டல." "படமெல்லாம் பாத்தேனே." அவள் சிரிக்கிறாள், சிரிப்பு காலி அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு அவளிடமே திரும்புகிறது. கூண்டுக்குள் ஒற்றை எலி சக்கரத்தைக் கிறீச் கிறீச்சென்று ஓட்டுகிறது. போனை வைத்துவிட்டு மறுப்புக் கடிதம் எழுத உட்கார்கிறாள். 'மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் கணக்கில்தான் பிழை' என்று கறாராகத் தொடங்கி, நாலு வரி அடுக்கியதும் விரல்கள் நின்றுபோகின்றன. வெயில் கோடுகள் சுவரில் ஏறிவிட்டன. கடைசியில், 'அங்கே இப்போது மணி என்ன?' என்று ஒரு வரி சேர்க்கிறாள்.