விருந்தாளியின் இலை

சமஸ்தானத்தில் எந்த மேல்சாதி வீட்டுப் படியையும் தாண்டியிராத சேரிப் பண்ணையாள் நல்லதம்பியை, மாதா கோயில் உபதேசியார் தம் வீட்டுக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டார். சாப்பிட்டதும், அவர் மனைவி ஞானம்மாளே அவனுடைய எச்சில் இலையை எடுத்தாள். நல்லதம்பி அழுதுவிட்டான்.

சில மாதங்களில் ஞானஸ்நானம் வாங்கி, சூசை ஆனான்.

ஈஸ்டர் விருந்துக்குத் தன் தம்பி உடையப்பனையும் ஆசையாக அழைத்துப் போனான். உபதேசியார் உடையப்பனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"சூசை, நீ கொல்லைப்பக்கம் நில்லு. பந்தி முடிஞ்சதும் எலையெல்லாம் எடுத்துரு," என்றாள் ஞானம்மாள்.

"அம்மா, அன்னைக்கு நீங்களே என் எலைய..."

"அன்னைக்கு நீ விருந்தாளி. இப்ப நம்மாளு."

பந்தி முடிந்தது. சூசை குனிந்து ஒவ்வோர் இலையாக எடுத்துக்கொண்டு வந்தான். கடைசி இலையின் முன்னால் உடையப்பன் கண்கலங்கி உட்கார்ந்திருந்தான்.

ஞானம்மாள் ஓடிவந்தாள்.

"அந்த எலைய விட்டுரு சூசை, நான் எடுத்துக்கிறேன். ஒன் தம்பி இன்னும் ஞானஸ்நானம் வாங்கலையே!"