சும்மா சுற்றும் சக்கரம்

ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கவுன்ட்டரில் ஒரு பழைய புரோகிராம் இருந்தது. நோயாளியின் நம்பரைத் தட்டினால் ரிப்போர்ட்டைத் தேடித் தரும். அதைப் புதுக் கணினி மொழிக்கு மாற்ற வந்தவன், கம்ப்யூட்டர் முன் நின்றபடியே சிரித்தான்.

“அக்கா, சில நம்பருக்கு மட்டும் கொஞ்ச நேரம் திரையில சும்மா சக்கரம் சுத்தட்டும்னு எழுதி வெச்சிருக்கார் இதைச் செஞ்ச புண்ணியவான்! புதுசுல அதைத் தூக்கிட்டேன்.”

கவுன்ட்டர் அக்கா பதறினாள். “ஐயோ தம்பி! அது சுத்தினாத்தான் நான் எழுந்து நாற்காலி போடுவேன்.”

“யாருக்கு? மந்திரிக்கா?”

“ரிப்போர்ட் மோசமா வந்தவங்களுக்குப்பா. அதை நின்னுக்கிட்டே கேக்கக் கூடாதில்ல?”

அவன் அந்த வரியைப் புது மொழியில் எழுதிச் சேர்த்தான்.

“எங்கம்மா ரிப்போர்ட்டும் இன்னைக்குத்தான். அந்த நம்பரையே போட்டுப் பாக்கறேன்.”

சக்கரம் சுற்றத் தொடங்கியது.

“பாத்தீங்களா, வேலை செய்யுது!” என்று குஷியாகத் திரும்பினான்.

அக்கா எழுந்து, தன் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.