தூக்கிக்கொண்டு போகிற சுவர்

"எங்களுக்கு ஒரேயொரு சுவர் செஞ்சா போதும், தங்கச்சி. ஆனா அது தூக்கிட்டுப் போகக்கூடியதா இருக்கணும்" என்றாள் கமீலா.

நிஸ்ரின் அளவு நாடாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். புத்தளத்திலிருந்து, அனல் மின் நிலையம் இருக்கிற நுரைச்சோலைக்கு அவள் வந்தது முழு வீட்டையும் அலங்கரித்துக் கொடுக்க. ஹோல், படுக்கை அறை, மகளின் அறை என்று மூன்றுக்கும் படம் கீறிக்கொண்டு வந்திருந்தாள். கத்தாரிலிருந்து கமீலாவின் கணவர் றிஸ்மின் அனுப்பிய மாதிரிப் போட்டோக்களைப் பார்த்துத்தான் கீறினாள். காசு வீட்டுக்குப் போட்டுவிட்டேன் என்றும் அவர் சொல்லியிருந்தார்.

"காசு வரல்லயா ராத்தா?"

"வந்திச்சு."

"அப்ப?"

"அது வேற விசயத்துக்குப் போயிட்டு."

நிஸ்ரினுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த மனுசன் அங்கே வெயிலில் காய்கிறார், இவ இங்கே விழுங்கிப்போட்டு நிற்கிறா.

"வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. வீடியோவுல வீடு முழுக்கக் காட்டச் சொல்லியிருக்காரு. அண்டைக்கு மட்டும் பிடிபடாமத் தப்பிட்டாப் போதும்."

"பொய்க்குத் துணை வர எனக்கு ஏலாது ராத்தா."

"பொய் சொல்றது நான். நீங்க செய்றது பலகை."

நிஸ்ரின் அளவு நாடாவை இழுத்தாள். வந்த வேலையை விட்டுப்போக மனமில்லை.

நிஸ்ரின் கூட்டிவந்த தச்சர் தவச்செல்வன் பாஸ் பலகை அடித்தார். ஒரு பக்கம் ஹோலுக்கு சாம்பல் கோடு போட்ட தாள். மறுபக்கம் படுக்கை அறைக்கு இலை போட்ட தாள். மகளின் அறைக்கு, அதற்கு மேலே தொங்கவிட ரோஸ் கலர் கேட்டன் துணி. ஒரு விளக்கு, இரண்டு குஷன். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை போன் அடித்தது.

"இஞ்ச பாருங்க, ஹோல்" என்று கமீலா போனைத் திருப்பினாள்.

"மாஷா அல்லாஹ். சரி, இனி எங்கட அறையக் காட்டு."

கமீலா போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். பின்னால் பாஸும் நிஸ்ரினும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசல் நிலையில் பலகை மாட்டிக்கொண்டது.

"ஏன் நிண்டுட்டாய்?"

"கரண்ட் போயிட்டு."

"நாட்டுக்கே கரண்ட் குடுக்கிற ஊர்ல கரண்ட் இல்லையா?"

"கிட்ட இருக்கிறவனுக்குக் கடைசியாத்தானே பரிமாறுவாங்க."

பலகை உள்ளே போய்விட்டது. கரண்டும் வந்துவிட்டது. றிஸ்மின் இலைகளைப் பார்த்து ரசித்துத் தலையாட்டினார்.

"இந்தக் குஷன் ஹோல்லயும் இருந்த மாதிரி."

"நீங்கதானே எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும் எண்டீங்க."

மூன்றாவது அறைக்கு ஓடும்போது நிஸ்ரினின் செருப்பு ஒன்று வழியில் கழன்றுபோனது. குனிந்து எடுக்க நேரமில்லை. பலகையைச் சாத்திவைக்கவும் நேரமில்லை. பாஸ் அதைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே நின்றுவிட்டார்.

"மகள்ட அறை நல்லா இருக்கு" என்ற றிஸ்மின், "கேட்டனுக்குக் கீழ ஆர்ட கால் அது?" என்றார்.

நிஸ்ரின் கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டாள். தன் பேர் இன்றோடு கெட்டது என்றே நினைத்தாள்.

"பாஸ்ட கால். வேல இப்பத்தான் முடிஞ்சு. சரியா நிக்குதா எண்டு பாக்குறாரு" என்றாள் கமீலா.

"ஓம் தம்பி, நேராத்தான் நிக்குது" என்றது கேட்டன்.

றிஸ்மின் சிரித்தார்.

"அப்ப எல்லாம் முடிஞ்சு."

"முடிஞ்சு."

"வீடு முடிஞ்சா வந்திர்றன் எண்டுதானே சொன்னன். இனி என்னத்துக்கு இங்க கிடக்கிற? நோன்புக்கு முந்தி வாறன்."

போனை வைத்ததும் கமீலா தரையில் இருந்துவிட்டாள். முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. பாஸ் பலகையை நழுவவிட்டு அவரும் சிரித்தார். நிஸ்ரினுக்கும் அடக்க முடியவில்லை. அதற்காகக் கேட்காமல் இருக்க முடியுமா?

"சிரிச்சது காணும். அந்த மனுசன்ட காச என்ன செஞ்சீங்க?"

கமீலா அவளைக் கையில் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். தென்னை மரத்தடியில் மூடியிருந்த ரப்பர் விரிப்பை இழுத்தாள்.

சிவப்பு ஓட்டோ ஒன்று. பழையதுதான், பெயின்ட் மட்டும் புதுசு.

"வந்தா ஓட்டுறதுக்கு. தொழில் இல்லையெண்டு திரும்பிப் போயிடக்கூடாதே. இதுக்கு உள்ளுக்கு வடிவாச் செஞ்சு தாங்க தங்கச்சி. சீட், கேட்டன், விளக்கு, எல்லாம் அந்தப் போட்டோவுல இருக்கிற மாதிரியே."

நிஸ்ரின் ஓட்டோவைப் பார்த்தாள். வெறும் வீட்டையும் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப வீடு?"

"கூரை முடிஞ்சா வாறன் எண்டாரு. முடிஞ்சதும் டைல்ஸ் எண்டாரு. அதுவும் முடிஞ்சதும் இந்த அலங்காரம். இதயும் உண்மையா முடிச்சா, அடுத்தது மதில் எண்டுவாரு."

"வந்து பாத்தா ஏசுவாரே, ராத்தா."

"ஏசட்டும். இவ்வளவு காலமும் போன்லதானே ஏசினாரு. இனிப் பக்கத்துல நிண்டு ஏசட்டும்."