ஜிம்மிக்கு ஹார்ட் ஸ்கேன்

"நாய்க்கு ஹார்ட் டாக்டராம்! அதுக்கோசரம் பாட்ட விட்றியே, உனுக்கு மூளை கீதா?"

பக்கத்து வீட்டு ராஜவேலு கரையில் நின்று கத்தினான்.

கத்தாமல் என்ன செய்வான்? ஏரியில் இறால் வலை போட ஊர் முறைவைத்துக் கொடுக்கும் நாள்தான் பாடு. இன்றைக்கு விட்டால் இன்னும் பதினைந்து நாள் கரையில் குந்த வேண்டியதுதான்.

செங்கல்வராயன் காதிலேயே வாங்கவில்லை. சென்னைக்குக் கிளம்பிய மீன் வண்டியில் ஜிம்மியைத் தூக்கிப் போட்டான்.

"பவுனு, சீக்கிரம் வா. நீ இல்லன்னா இது டாக்டராண்ட அடங்காது."

அவன் பெண்டாட்டி பவுனம்மாள் வண்டிக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றாள்.

"கட்னவளுக்கு மூச்சு வாங்குது. அத்தப் பாருய்யா மொதல்ல!" என்றான் ராஜவேலு.

"அவதான் வாய்வுன்றாளே" என்று செங்கல்வராயன் ஏறி உட்கார்ந்துவிட்டான். நல்ல புருஷன் போங்கள்!

பொன்னேரி தாண்டியும் பவுனம்மாளின் வாய் ஓயவில்லை.

"நல்லாத்தான துன்னுது, கொலைக்குது? இன்னாய்யா வியாதி இதுக்கு?"

"டாக்டர் சொல்வாங்க, கம்முனு வா. டிரைவரே, கொஞ்சம் அழுத்துப்பா. பத்தரைக்கு வரச் சொல்லிக்கிறாங்க."

இதையே ஆறு தடவை சொல்லிவிட்டான். டிரைவருக்கே எரிச்சல் வந்துவிட்டது.

சென்னையில் அந்த டாக்டரம்மா பிராணிகளுக்கு இதயம் மட்டுமே பார்க்கிறவர். "என்ன பண்ணுது?" என்றார்.

"நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குது மேடம். பொழுது சாஞ்சா கால் வீங்கிடுது. ராவுல குந்திக்கினேதான் தூங்குது."

டாக்டரம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நாயைப் படுக்க வைத்து, நெஞ்சில் பசை தடவி, கருவியை உருட்டினார். பவுனம்மாள் அதன் காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"அம்மா தாயே, இத்தக் கிழிச்சிடாதீங்கம்மா!"

ஜிம்மியோ பசையை நக்கப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா. இதயம் நல்லாவே இருக்கு. உங்க வீட்டுக்காரர் சொன்ன தொந்தரவு எதுவுமே இதுக்கு இல்லியே!"

"தெரியும் மேடம்" என்ற செங்கல்வராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"ஆஸ்பத்திரின்னா நெஞ்சக் கிழிச்சிடுவாங்கன்னு ஓட்றியே பவுனு, இப்ப கண்ணால பாத்துக்கினல்ல? எழுந்துரு. எதிர் ஆஸ்பத்திரியில பன்னெண்டு மணிக்கு உனுக்கு டோக்கன் போட்டுக்கிறேன்."